பதினேழு நிமிடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. அம்மா நலம். தம்பியும் நலம், பரீட்சை நெருங்குவதால் நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருக்கிறான். நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதீர்கள். போனில் நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு, “என்னம்மா, சரியா?” என்று கேட்டால், என் வாய் என்னைக் கேட்காமலே “சரிப்பா” என்று சொல்லிவிடுகிறது. போன வாரமும் அதுதான் நடந்தது. “பெரிய எடத்துல மொறச்சுக்காத. கேக்குற எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு” என்றீர்கள். நானும் சரிப்பா என்றேன். அது சரியில்லை அப்பா. நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

அது என்ன கையெழுத்து என்று அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் அவசர அறுவை சிகிச்சை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு நான் அனுப்பிய செய்தி போய்ச் சேரவே இல்லை. அங்கே துறைமுகத்தில் நீங்கள் ஓட்டும் கிரேனின் கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை அணைத்துக் கீழே பெட்டியில் பூட்டியிருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் அறைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு வரிசை. நமக்கு முதலில் உங்கள் எண், அது கிடைக்காவிட்டால் பக்கத்துக் கட்டில் ரேடியோ மாமா, அவரும் கிடைக்காவிட்டால் சமையல்கட்டு அண்ணன். மூன்று பேரிடமும் மூன்று கம்பெனி சிம். ஒன்றில் சிக்னல் செத்தாலும் இன்னொன்றில் உயிர் இருக்கும்.

ஆனால் உடனே மாமாவுக்கு அனுப்பக் கூடாது என்று எனக்கு ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். “கன்டெய்னருக்கு நடுவுல பஸ் போகுறப்ப பதினேழு நிமிஷம் சிக்னல் இருக்காது. அதுவரைக்கும் பொறு. அதுக்கு மேலயும் போய்ச் சேரலேன்னா நான் மேல கிரேன்ல இருக்கேன்னு அர்த்தம். அப்ப அவனுக்கு அனுப்பு. சும்மா சும்மா அனுப்பாத, அவன்கிட்ட ஒண்ணு சொன்னா கப்பல் வரைக்கும் தெரிஞ்சுபோயிடும்” என்றீர்கள்.

கல்லூரியில் கடைசி வருடம் நான் செய்த புராஜெக்ட் இதுதான். நீங்கள் கையால் செய்ததை ஒரு மென்பொருள் தானாகச் செய்யும்படி எழுதினேன். செய்தி போய்ச் சேர்ந்ததற்கான பதில் வராவிட்டால் அது பதினேழு நிமிடம் பொறுக்கும். பிறகு வேறு நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த எண்ணுக்கு அனுப்பும். யாராவது ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவர்களுக்குப் போவதை நிறுத்திவிடும். அதைக் கண்காட்சியில் வைத்தோம். எங்கள் துறை இதழில் படத்தோடு அச்சாகி, இணையத்திலும் ஏறியது. நடுவராக வந்தவர் என் மேசையிலேயே வெகுநேரம் நின்றார். “எங்ககிட்ட வந்து சேர்ந்துடும்மா” என்றார். நீங்கள்கூட உங்கள் அறையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தீர்களே, அந்த வேலையைத் தந்தவர்தான். இப்போது என் மேலாளர்.

நான் வேலையில் சேரும் முன்பே, கம்பெனி பெயரில், தன்னைக் கண்டுபிடித்தவராகக் காட்டி, அதற்குக் காப்புரிமை கேட்டு அவர் விண்ணப்பித்திருக்கிறார். எனக்கு இது சுத்தமாகத் தெரியாது. போன மாதம் காப்புரிமை அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்த பிறகுதான் தெரிந்தது. இதில் புதிதாக என்ன இருக்கிறது, இந்தத் துறையில் வேலை பார்க்கும் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதானே என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பதில் தயாரிக்கக் கூட்டம் போட்டார்கள். வழக்கம்போல் நான் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியின் வழக்கறிஞர் அம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்று, “அதென்ன பதினேழு நிமிஷம்? பத்து, பதினஞ்சுன்னு இல்லாம?” என்று கேட்டார்.

“நிறைய டெஸ்ட் பண்ணி எடுத்த நம்பர் மேடம்” என்றார் மேலாளர்.

அப்பா, அந்த ஒரு எண்ணைக்கூட மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. ஏன் என்று தெரியாததால் தொடப் பயந்திருக்கிறார். நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. “எங்க அப்பாவோட பஸ் சிக்னல் இல்லாம போற நேரம் அது மேடம்” என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பி, “ஏய், உனக்குப் பேச வருமா?” என்றான். வழக்கறிஞர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, இது என் கல்லூரி புராஜெக்ட் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்காவது அச்சில் வந்திருக்கிறதா என்று கேட்டார். விண்ணப்பத்துக்கு முன்பே வந்திருக்கிறது, இப்போதும் இணையத்தில் இருக்கிறது என்று சொன்னேன். முன்பே வெளியான ஒன்றுக்குக் காப்புரிமை கிடைக்காதாம். கூட்டம் அத்தோடு கலைந்தது.

பிறகு மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை, டீ வரவழைத்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. “ஐடியால்லாம் கொசு மாதிரிம்மா. எல்லார் வீட்டுலயும் பறக்கும். பிடிக்கிறவனுக்குத்தான் சொந்தம்” என்றார். கொசுவை யார் சார் சொந்தம் கொண்டாடுவார்கள் என்று கேட்டிருக்கலாம். அது எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது.

அவர் நீட்டிய தாளில்தான் நான் கையெழுத்துப் போட வேண்டும். என் புராஜெக்ட் ஒருநாளும் இயங்கவில்லை, அதை யாருக்கும் இயக்கிக் காட்டவில்லை, பதினேழு என்பது கம்பெனி சோதனையில் வந்தது என்று அதில் இருந்தது. போட்டால் வேலை நிரந்தரம். கண்டுபிடித்தவர்கள் வரிசையில் என் பெயரும் வரும். நம் வீட்டில் யார் பெயர் அரசாங்கத் தாளில் அச்சாகியிருக்கிறது அப்பா? ஆசை இல்லை என்று சொன்னால் பொய். அந்த டீ ஆறும்வரை ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்கு அந்தக் காப்புரிமை கிடைத்துவிட்டால், நாளைக்கு உங்களைப் போன்றவர்களின் குடும்பங்களுக்காக யாராவது இதே ஏற்பாட்டைச் செய்தால், கம்பெனி வாசலில் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். எனக்கே சொந்தமாக்கு என்றும் நான் கேட்கவில்லை. எல்லாரும் பார்க்க அச்சில் போட்ட பிறகு அது என் தனிச் சொத்தும் ஆகாது என்றுதான் சட்டம் படித்த தோழி சொன்னாள். சந்தோஷம். அது யாருக்கும் பூட்டுப் போட முடியாததாகவே இருக்கட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தவே இல்லை. “போட்டுட்டு வந்து ராத்திரியெல்லாம் அழுவ. போடாம வந்து அழு. கேக்குறதுக்கு நல்லா இருக்கும்” என்றாள்.

மறுநாள் வேலையை விட்டேன். என்னை அவர்கள் நீக்கவில்லை, நானேதான் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அவர்களை எதிர்க்க மனம் வரவில்லை. அங்கிருந்து நேராகக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய், அந்த இதழின் பக்கங்களை இணைத்து எதிர்ப்பு மனு கொடுத்தேன். விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாமாம்.

மனுவை வாங்கிய ஊழியர், “எந்தக் கம்பெனி சார்பா?” என்று கேட்டார். எந்தக் கம்பெனியும் இல்லை என்றேன். வக்கீல் யார் என்றார். இல்லை என்றேன். “அப்ப யாரும்மா எதிர்க்கிறது?”

“நான்தான்.”

“சத்தமா சொல்லும்மா, காதுல விழல.”

சத்தமாகச் சொன்னேன் அப்பா. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கம்பெனிப் பக்கம் பெரிய வக்கீல்கள் வருவார்கள். தோற்றாலும் தோற்கலாம். ஆனால் அந்த எண் எங்களுடையது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் தோற்க மாட்டேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்த வரிசையையும் பதினேழு நிமிடத்தையும் உங்கள் அறையில் எப்போதிலிருந்து வைத்திருக்கிறீர்கள் என்பதை அதில் உங்கள் சொல்லிலேயே எழுதி, நீங்களும் ரேடியோ மாமாவும் அண்ணனும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இதழை மட்டும் காட்டுவதைவிட அது பலமாக இருக்கும் என்று தோழி சொல்கிறாள். அங்கே உங்கள் வேலைக்கு இதனால் ஒன்றும் வராது, விசாரித்துவிட்டேன். கேட்கிற இடத்தில் கையெழுத்தைப் போடு என்று சொன்னவர் நீங்கள்தானே. இப்போது கேட்பது நான்.

எனக்கு வேலை நிரந்தரமானதும் அங்கிருந்து கிளம்பி வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் துணிகளுக்காக அலமாரியில் அவள் காலி செய்து வைத்த தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தம்பி தன் புத்தகங்களை அதில் வைத்தான், எடுத்துப் போட்டுவிட்டாள்.

வேறு வேலை தேடுகிறேன், கிடைக்கும். அதற்காக நீங்கள் அங்கேயே இருக்க வேண்டாம்.

பதினேழு நிமிடத்துக்கு மேல் ஆனால் நீங்கள் மேலே இருப்பதாக அர்த்தம் என்றீர்கள். வருடக்கணக்காக மேலேயே இருக்கிறீர்கள் அப்பா. இறங்கி வாருங்கள். இந்தச் செய்தியை மட்டும் நான் அடுத்த எண்ணுக்கு அனுப்பப் போவதில்லை.

என்றும் உங்கள் பேச்சைக் கேட்கும்,
இந்த ஒருமுறை கேட்காத,
மகள்