உங்கள் இலைக்கு வைத்த கருவாட்டுக் குழம்பு

அக்கா,

இதை எழுதும் விரலில் இன்னும் நெத்திலிக் கருவாட்டு வாசம். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம். இந்தக் கனடாவில், மகன் வீட்டுப் பதினோராவது மாடியில், ஏழு மாதமாக நான் ஏங்கிக் கிடந்த வாசம் இது.

இன்று உங்களுக்குத் தலைத் திதி. ஊரில் நாளைக்குத்தான், இங்கே இன்றைக்கே வந்துவிடுகிறது. பஞ்சாங்கத்தையும் இந்த ஊர் நேரத்தையும் வைத்து நானே கூட்டிக் கழித்து நோட்டில் குறித்திருந்தேன். காலையில் சொன்னதும் மகன் முகம் சுண்டிவிட்டது. சாயங்காலம் அவன் ஆபீஸ் மேனேஜர் சாப்பிட வருகிறாராம்.

"இன்னைக்குக் கருவாடு வேணாம்மா, வீடே நாறும். நாளைக்கு வச்சுக்க. ஊர்லயும் நாளைக்குத்தான?"

"எதுடா நாறும்? உங்க பெரியம்மா உருட்டி உருட்டிக் குடுக்க, ரெண்டு தட்டுச் சோறு தின்னவன்தான நீயி?"

"இல்லைங்கலம்மா. வர்றவுக என்ன நினைப்பாக?"

சித்தையன்கோட்டையில் இந்தக் கேள்வியை நாம் கேட்டதே இல்லை. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்து, பதினெட்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு நீங்கள் குழம்பைக் கொதிக்கவிட்டால் தெருமுனைவரை மணக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரி நான் மற்ற நாளிலும் மூக்கைச் சுளித்தால், "சாமி கும்புடுற மூக்குக்கு ஆகாதோ? விடிஞ்சா பழைய சோத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்டத்தான வருவ!" என்று வம்புக்கு இழுப்பீர்கள். வருவேன்.

ஒரே ஒரு நாள்தான் அந்தக் கேள்விக்குப் பயந்தேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், கஞ்சியைத் தள்ளிவிட்டு, "ஏத்தா, ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு கொண்டாரியா? செத்த நாக்கு நனைஞ்சாப் போதும்" என்றீர்கள். உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நான் பயந்தது டாக்டருக்கு இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்களே என்றுதான். "நாளைக்குப் பாப்போம்க்கா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். விடிந்தபோது நீங்கள் இல்லை.

அதனால்தான் மகன் நாளைக்கு என்றதும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "உன் மேனேஜர நாளைக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் போட்டேன். தாளித்ததும் கூரையில் இருந்த புகை மணி அலறியது. முந்தானையால் விசிறினேன், கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மருமகள் சன்னலைத் திறந்துவிட்டாள். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. "நடத்துங்கத்தை, இனி ஆனது ஆச்சு" என்றாள்.

இலங்கைத் தமிழர் கடையில் வாங்கிய வாழையிலையை விரித்துச் சோறு வைத்து, ஒரு கரண்டி இல்லை, மூன்று கரண்டி ஊற்றினேன். சூடம் காட்டினேன். மணி மறுபடி அலறியது. அலறட்டும் என்று விழுந்து கும்பிட்டேன்.

சாயங்காலம் சொன்னபடியே வந்த மேனேஜர் வாசலிலேயே நின்று மோந்து பார்த்து ஏதோ கேட்டார். மகன் என்னைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கொடுக்காதது இதனால் சரியாகிவிடாது, அக்கா. அதை நான் சுமந்துதான் ஆகவேண்டும். ஆனால் உங்கள் இலைக்கு வைக்க இனி எவர் முகத்தையும் பார்க்கமாட்டேன். அடுத்த வருடமும் இதே குழம்புதான். பிடிக்காதவர்கள் வெளியே நிற்கட்டும்.

நீங்கள் உள்ளே வாருங்கள்.