கூறைச் சேலை எடுக்க நீங்கள் வந்த நாள்

அக்கா,

நேற்று டெஸ்கர் ரோட்டுப் பின்சந்தில் நடந்தபோது யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். ஐம்பதுகளில், சாயங்காலம் கதவைத் திறக்குமுன் நீங்கள் போடுவீர்களே, அதே வாசம். அங்கே நீங்கள் உடம்பை வைத்துப் பிழைத்தீர்கள். உங்களிடம் எழுதுவதில் எனக்கென்ன மறைப்பு?

அந்த இடத்தை இன்று கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல் நின்றால் சந்தில் கூட்டம். சந்தில் கூட்டமென்றால் தேக்கா சந்தைப் பூக்காரருக்கும் டோபிக்கும் துணிமூட்டை சுமந்த எனக்கும் வியாபாரம். அந்தக் காசில்தான் நான் துணிக்கடையே வைத்தேன். ஆனால் உங்களில் ஒருத்தரும் கடைக்குள் வந்ததில்லை. குடும்பப் பெண்கள் வருமிடம் என்று நீங்களே ஒதுங்குவீர்கள். துணியை நான் உங்கள் பின்வாசலுக்குக் கொண்டுவருவேன். அதுதான் வழக்கம்.

உங்கள் மகள் குவீன்ஸ்டவுனில் தெரிந்த குடும்பத்தில் வளர்ந்தாள். அம்மாவுக்கு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் என்றுதான் அவளுக்குத் தெரியும். அவளுக்குச் சம்பந்தம் முடிந்தது. கூறை எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து என் கடைக்கு வரவேண்டும்.

"யாராவது அடையாளம் கண்டுட்டா கல்யாணம் நின்னுடும் தம்பி."

"கண்டவன் எங்க பார்த்தேன்னு சொல்லணும்ல? சொல்லட்டுமே."

தைரியமாகத்தான் சொன்னேன். நீங்கள் வந்து பாயில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் கை சேலை மடிப்பிலேயே நின்றுவிட்டது. அவரைச் சந்தில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி?" என்றார் பக்கத்திலிருந்த அவர் மனைவி.

நீங்கள் அரக்குச் சேலையை விரித்து அவரிடமே நீட்டினீர்கள். "நீங்க சொல்லுங்கண்ணே. பொண்ணுக்கு இது பொருந்துமா?"

அவர் தலை நிமிராமலே சொன்னார்: "பொருந்தும்மா. இதையே எடுங்க."

"வீட்டுல ஜன்னல் துணிக்குக்கூட வாய் திறக்க மாட்டார். இங்க பாருங்க லா," என்று மனைவி சிரித்தார். கடையே சிரித்தது. நீங்களும்தான்.

கல்யாணம் நடந்தது. நீங்கள் சந்துக்குத் திரும்பவில்லை. மகளோடு இருந்து பேரப்பிள்ளைகளை வளர்த்தீர்கள்.

போன மாதம் உங்களை மயானத்தில் அனுப்பிவிட்டு வரும்போது மகள் கேட்டாள்: "அம்மாவை உங்களுக்கு எப்படி மாமா பழக்கம்?"

"நான் மூட்டை தூக்கின காலத்துல எங்கிட்ட முதல் சேலை வாங்கினது அவங்கதான்," என்றேன்.

பொய்யில்லை அக்கா. எந்த வாசலில் வாங்கினீர்கள் என்பதை மட்டும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.