நாற்பது கிராம் கடற்பஞ்சு

கடல் ஆய்வு நிலையம் 4, மன்னார் வளைகுடா
பதிவு: சஃபியா, கடலுயிர் ஆய்வாளர்

2083 ஜூன் 14, காலை 6.10
நீர் வெப்பம் 29.4. உப்பு அளவு சரி. மூன்றாம் தொட்டியில் கடற்பஞ்சு உயிரோடு இருக்கிறது. எடை நாற்பது கிராம். எந்த உயிரின் கிழிந்த சதைமேல் வைத்தாலும் அரை மணி நேரத்தில் மூடிவிடும். கடலில் அது வளரும் இடம் பாசி எடுக்கும் மூன்று ஊர்ப் பெண்களுக்கு மட்டுமே தெரியும். ஆய்வுக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் தந்தார்கள். அவர்கள் சங்கத்தின் அனுமதி இல்லாமல் அது இங்கிருந்து வெளியே போகக் கூடாது. அதைக் கண்காணிக்கச் சங்கத்தின் சார்பில் செபஸ்தியம்மாள் அக்கா என்னோடு தங்கியிருக்கிறார். இன்று குழம்பு அவர் வைத்தது. உப்பு அதிகம்.

காலை 10.25
நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் படகு வந்தது. மேலாளர் மோகன்ராம், துப்பாக்கிகளோடு நான்கு பேர். பஞ்சை எடுத்துப்போகச் சங்கம் சம்மதித்ததாக ஒரு பத்திரத்தை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது என் தங்கச்சி பேரு. அவ செத்து மூணு வருசமாச்சு. பத்திரத்துல போன மாசம்னு போட்டிருக்கு."

மோகன்ராம் பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவன் அக்காவைச் சுட்டான்.

10.40
அக்காவைத் தொட்டி அறைக்குள் இழுத்து வந்து இரும்புக் கதவைப் பூட்டிவிட்டேன். குண்டு வயிற்றில் புகுந்து முதுகு வழியே போயிருக்கிறது. குடல் தெரிகிறது. கரையை மூன்று முறை அழைத்தேன். இரைச்சல் மட்டும்.

பஞ்சை மனிதர்மேல் வைக்க ஒப்பந்தத்தில் இடமில்லை என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொன்னேன். அக்கா வாயெல்லாம் ரத்தம்.

"சங்கத்து ஆளு நாந்தானே. நான் சொல்றேன், வை."

முழுவதையும் வைத்துவிட்டேன்.

11.15
காயம் மூடிவிட்டது. பஞ்சு சதையோடு சதையாகிவிட்டது. இனி வெட்டித்தான் எடுக்க முடியும்.

கதவை அறுக்கிறார்கள். ஓட்டை வழியாக ஒருவன் தலையை நீட்டினான். மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியால் சுட்டேன். கழுத்து. இன்னும் சாகவில்லை. அவன் தொண்டைச் சத்தம் நிற்கவில்லை.

11.32
தரையில் இருக்கும், கடலுக்குள் இறங்கும் முக்குளிப்புக் கதவைத் திறந்தேன். அக்கா போக மறுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்களைப் பிரித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டேன்.

ஒலிபெருக்கியில் மோகன்ராம்: "தொட்டி காலின்னு மீட்டர் காட்டுது. பஞ்சு எங்க, சஃபியா?"

அக்கா செத்துவிட்டார், உடலைக் கடலில் போட்டுவிட்டேன், அதே குண்டு என்னையும் துளைத்தது, பஞ்சு இப்போது என் உடம்புக்குள் இருக்கிறது என்று சொன்னேன்.

11.39
இரும்புக் கதவின் கீல் ஒன்று போய்விட்டது.

கண்டெடுப்பவருக்கு: பத்திரம் பொய். பஞ்சு அந்தப் பெண்களுடையது.

அக்காவுக்குக் கரைக்கு நாற்பது நிமிட நீச்சல். மோகன்ராம் மறுபடி கேட்டார், உடம்பில் எந்த இடம் என்று. நான் சொல்லவில்லை. தேடித் தேடி வெட்டட்டும். நேரம் பிடிக்கும்.

பதிவை மிதவையில் கட்டி விடுகி