செவ்வாய் எட்டு மணி வகுப்பு

யூலை 14, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. காய்ந்த சேட்டு ஒன்றுகூட இல்லை. அறைத் தோழன் கனடா போய் இரண்டு மாதம். அவனுடைய கட்டிலில் இப்போது என் ஈர உடுப்பு.

புது இணையத்தளம் சனிக்கிழமை ஏறிவிட்டது. நான் வேலை செய்யும் கலியாணத் தரகு நிலையத்துக்கு; வெள்ளவத்தை, மருந்துக்கடைக்கு மேல்மாடி. பழைய தளத்தில் பெண்களின் விபரத்தை யாரும் பார்க்கலாம். புதியதில் கடவுச்சொல் வேண்டும். நல்லது. ஆனால் சாதிக் கட்டம் இதிலும் கட்டாயம். முதலாளி சொன்னார், சிவப்பு நட்சத்திரம் போட்டது நான்.

பழைய பக்கங்கள் அழிக்க: முடிந்தது.
அவற்றுக்குள் தேடுபொறி போகாமல் தடை: முடிந்தது.
சவர்க்காரம் வாங்க வேண்டும்.

யூலை 15, செவ்வாய்
அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண். ச. என்று வைப்போம். முழுப்பெயர் இங்கே வேண்டாம்.

"தம்பி, என்ர பேரைப் போட்டுத் தேடினா உங்கட பக்கம்தான் முதல் வருது."

"அதை அழிச்சாச்சு அக்கா. அமத்திப் பாருங்கோ, ஒண்டும் வராது."

"ஆர் அமத்தினம்? அமத்தாமலே வாசிக்கலாமே."

பார்த்தேன். உண்மை. பெயருக்குக் கீழே இரண்டு வரி: வயது, பொதுநிறம், சாதகத்தில் செவ்வாய் எட்டில், நிச்சயமாகிக் குழம்பியது. தகப்பன் எப்போதோ கொடுத்த விபரம்.

இரசாயனம் படிப்பிக்கிறார், இங்கேதான் ஒரு டியூட்டரியில். இன்று வகுப்பு முடியும்போது, "வாற கிழமையும் செவ்வாய், எட்டு மணி" என்றாராம். கடைசி வாங்கிலிருந்து ஒருத்தன்: "ரீச்சர், செவ்வாய் எட்டிலயோ?" வகுப்பே சிரித்ததாம்.

"இது போகாட்டி நான் வகுப்பை விடுறன் தம்பி. அதுகளுக்கு முன்னால நிக்கேலாது."

யூலை 16, புதன்
முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு வேறு யோசனை.

"ஐசே, பழைய லிங்க் எல்லாத்தையும் முன்பக்கத்துக்குத் திருப்பிவிடும். பேரைத் தேடி வாற சனம் எங்கட கடைக்குள்ள வரட்டும்."

"அந்தப் பேர் ஒரு மனிசி, சேர்."

"மனிசிதான். பேச்சுக்கால் குழம்பின மனிசி. நானே குழப்பினனான்?"

மத்தியானம் சோற்றுக்கடை, சிங்களக் கடைக்காரி. "மல்லி, அதத் தனியமத?" தம்பி, இன்றைக்கும் தனியாகத்தானா என்று கேட்கிறாள். இரண்டு மாதமாக அதே கேள்வி. பருப்பு கூடப் போட்டாள்.

யூலை 18, வெள்ளி
பிழை என்னுடையது.

திங்கட்கிழமை போட்ட தடை. கதவைப் பூட்டியது நான். உள்ளே ஒன்றுமில்லை என்பதைத் தேடுபொறி வந்து பார்க்கவே வழியில்லை. ஆகவே கடைசியாகப் பார்த்ததையே சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் சனமும் அப்படித்தான். ஒருத்தியைப் பற்றிக் கடைசியாகக் கேட்டதோடு நிற்கும். பிறகு போய்ப் பார்க்காது.

தடையை எடுத்தேன். பழைய பக்கம் எதைக் கேட்டாலும் "நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்று பதில் போகும். அவருடையது மட்டுமல்ல, எல்லாப் பெண்களுடையதும். முன்பக்கத்துக்கு எதையும் திருப்பவில்லை. முதலாளியைக் கேட்கவில்லை.

ச. அக்காவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன், என் பிழை என்று.

"பிழையெண்டு சொன்னீரே, அதே பெரிசு. சாப்பிட்டீரோ?"

இல்லை. சாப்பிட்டேன் என்றேன்.

யூலை 22, செவ்வாய்
அந்த இரண்டு வரி இன்னும் கிடக்கிறது. அக்கா வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம். இன்னொரு கிழமை பார்ப்பாராம், அதற்குமேல் இல்லையாம்.

முதலாளி கண்டுபிடித்துவிட்டார்.

"தளத்துக்கு வாற சனம் குறைஞ்சிட்டுது. என்ன செய்தனீர்?"

சொன்னேன்.

"அவ உமக்குச் சொந்தமே?"

"இல்லை."

"அப்ப என்ன?"

பழைய பக்கங்களில் முதலாளி கைவைக்கவில்லை, எப்படி என்று அவருக்குத் தெரியாது. சாதிக் கட்டத்தின் நட்சத்திரத்தையும் காலையில் எடுத்திருந்தேன். அதைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

யூலை 26, சனி
காலையிலிருந்து ஏழு தரம் அவர் பெயரைத் தேடினேன். பதினொரு மணிக்கு இல்லை. வேறு கணினி, இல்லை. ஃபோனில், இல்லை.

ஃபோன் எடுத்தேன். "அக்கா, போயிட்டுது."

அவர் தட்டிப் பார்க்கும் சத்தம்.

"ஓம்... ஓம் தம்பி. வேற ஒருத்தி வாறா. அதே பேர், மட்டக்களப்பில தையல்கடை." சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் கேட்டேன். "செவ்வாய் போறன். எட்டு மணிக்கே போறன்."

"போங்கோ அக்கா."

"தம்பி, ஒண்டு. இனி நீரும் என்ர பேரைத் தேடாதையும்."

"இல்லை அக்கா."

வைத்துவிட்டார். இனி அவருக்கு எடுக்கக் காரணம் இல்லை. எனக்கும் இல்லை. பின்னேரம் கடற்கரைத் தண்டவாளம் வழியே பம்பலப்பிட்டி வரை நடை. திரும்பி பஸ்.

யூலை 29, செவ்வாய்
வெயில். எட்டு பத்துக்கு அந்த டியூட்டரிக்குக் கீழே போனேன். நான் போகும் வழி அதுவல்ல. மேலே எல்லா மின்விசிறியும் சுற்றுகிறது. யாரோ சிரித்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை.

உடுப்புத் தோய்க்கக் கொடுக்க இடம் தேடலாம் என்று ஃபோனில் "ச" என்று தட்டினேன், சலவைக்கு. மிச்சத்தை அதுவே நிரப்பியது. அவருடைய முழுப்பெயர்.

பெயரை அழுத்திப் பிடித்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது.

நடைபாதையில் நின்று, வாய்விட்டு, ஓம் என்றேன்.