பூசி மெழுகிய ஒரு பதில்

டிச. 3, புதன்

மூடுபனி. மஞ்சக்குட்டை பஸ் வரவில்லை. ஜீப்பில் நெருக்கியடித்து ஏற்காடு. மாநாட்டு மொழிபெயர்ப்புப் பயிற்சியில் கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை காபி விவசாயிகள் கூட்டம். ஜெர்மனி வியாபாரி ஆங்கிலத்தில் பேசப் பேச, நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் தமிழில் சொல்லவேண்டும்; விவசாயிகள் காதுக் கருவியில் கேட்பார்கள். தேறினால் சான்றிதழ், வெளியூர் மாநாடுகள். இல்லையென்றால் பழையபடி எஸ்டேட் ஆபீஸ்.

பயிற்சி தரும் ரெஜினா மேடம் இன்றும் அதே பாட்டு. "கூட்டாதே, குறைக்காதே, பூசி மெழுகாதே." நான் எங்கே மெழுகுகிறேன் என்றேன். சிரித்தார். என்ன சிரிப்போ.

வாங்க: பனங்கற்கண்டு, குல்லா.

டிச. 4, வியாழன்

கொஞ்சம் வெயில். கூடப் படிக்கும் பிரபுவுடன் ஒத்திகை. தமிழிலிருந்து ஆங்கிலம் அவன் பொறுப்பு. அவன் மூச்சு விடுவதே மைக்கில் புயல் மாதிரி. எரிச்சல். டீ வாங்கித் தந்தான், போய்விட்டது.

அம்மா: "ஏங்கண்ணு, நொம்ப பயமா இருக்குதா?" இல்லை என்றேன். பொய்.

டிச. 5, வெள்ளி

முடிந்தது.

வாழவந்தி விவசாயி ஒருவர் மைக்கை வாங்கி, "ஏனுங்க, இந்த வருசக் காபிய எடுத்துக்குவீங்களா?" வியாபாரி பட்டென்று: முடியாது, இந்த வருடம் வாங்க மாட்டோம். நான் சொன்னது: "இந்த வருசம் கொஞ்சம் செரமமுங்க, பாக்கலாமுங்க."

எங்கள் பக்கம் யார் முகத்துக்கு நேராக இல்லை என்கிறார்கள்? பெண் பார்த்துப் பிடிக்காவிட்டாலும் "சொல்லி அனுப்பறோமுங்க"தான். நானே நேரில் சொல்லியிருந்தால் 'இல்லை' என்று அவருக்குப் புரிந்திருக்கும். வெள்ளைக்காரர் சொன்னதாக நினைத்து நம்பிவிட்டார். விவசாயி மைக்கை அணைக்கவில்லை. பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாக்கலாமுன்னுட்டாரப்பா. வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கோணும்."

எனக்குப் பின்னால் மேடம், மார்க் போட்டபடி. தவறைச் சொன்னால் பரீட்சை போச்சு. சொல்லாவிட்டால் அவர் காபி போச்சு.

மைக்கை அழுத்தினேன். "மொழிபெயர்ப்பாளரின் திருத்தம். தவறு என்னுடையது. வியாபாரி சொன்னது: முடியாது, இந்த வருடம் வாங்க மாட்டோம்."

விவசாயியின் முகம் செத்துப்போனது. மேடம் மார்க் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

டிச. 6, சனி

தேறிவிட்டேன்! மேடம் சொன்னது: "மெழுகினதுக்கு மார்க் குறைச்சாச்சு. திருத்தாம விட்டிருந்தா உன்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பேன்." அப்பாடா. பிரபு என்னைவிட அதிகமாகக் குதித்தான்.

பஸ் ஸ்டாண்டில் அந்த வாழவந்திக்காரர். தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். விடவில்லை, வந்துவிட்டார்.

"நேத்தே சேலத்து யாவாரிகிட்டப் பேசி முடிச்சுட்டனுங்க. வெலை கொஞ்சம் கம்மிதான், போகுது. நல்லவேளை கண்ணு, அப்பவே ஒடைச்சுச் சொல்லிப்போட்டீங்க. இல்லீனா மூட்டையக் கட்டி வெச்சுட்டு, அந்தாளு வருவாருன்னு ஊட்டுலயே பாத்துட்டு உக்காந்திருப்பனுங்க."

அவரும் அதே பஸ். ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் என்னவோ ஏதோ என்று பயந்து, என்னிடம் கேட்காமல், என் டிக்கெட்டுக்கும் வாழவந்திக்காரரிடமே கையை நீட்டினார்.