ஆறாவது செவ்வாய்க்கிழமை

எனக்கு முன்னால் பிறந்து, என்னைக் கேட்காமலே போய்விட்ட அண்ணனுக்கு,

விடுதலையாகிவிட்டேன். நிரபராதி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. தம்பானூர் ஓட்டலில் பழையபடி புரோட்டா போடுகிறேன். அறைக் கதவை மட்டும் இன்னும் சாத்த முடியவில்லை.

சோறு வேகவில்லை என்று ஜெயிலில் தட்டைத் தள்ளினேன். அதற்குத் தனிச் செல், முப்பத்தைந்து நாள். பேச ஆளில்லாமல், "ரெண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட்" என்று எனக்கு நானே ஆர்டர் கூவிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பார்வை நாள். யாராவது வந்தார்களா என்று மலையாளி வார்டரிடம் கேட்பேன். "ஆரும் வந்நில்லெடா" என்பான்.

நம்பினேன் அண்ணே. தம்பி கேஸ்காரனாக இருந்தால் உன் மகளுக்கு வரன் வராது என்று நீ ஒதுங்கிவிட்டதாக நானே காரணமும் கண்டுபிடித்தேன். உன்னைத் திட்டித் திட்டித்தான் அங்கே உயிரோடு கிடந்தேன்.

பழைய பிளாக்குக்கு மாற்றிய பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, நீ வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். "எனக்கு அண்ணன் கெடையாது, போவச் சொல்லுங்க சாரே" என்றேன். அந்த வாரமே நீ கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தாய்.

வெளியே வந்ததும் மதினிதான் சொன்னாள். "ஆறு செவ்வாக்கெழம வேலைக்குப் போவாம வந்து நின்னாவ. ஆறு தடவையும் பாக்க உடாம வெரட்டிட்டானுவ. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

தனிச் செல்லில் இருந்தபோது ஐந்து முறை விரட்டியது ஜெயில். ஆறாவது முறை விரட்டியது நான். அதையும் ஏன் ஜெயில் தலையில் போட்டுவிட்டுப் போனாய்? என் மானத்தைக் காப்பாற்றவா? நீ நல்லவனாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அவள் போடும் சோற்றை நானல்லவா தின்கிறேன்.

உள்ளே இருந்துவிட்டு வந்த நாங்கள் சிலர், தனிச் செல்லே கூடாது என்று மனுவோடு அலைகிறோம். அதுவரைக்கும், பார்க்க விடாவிட்டாலும் பரவாயில்லை, இன்னார் வந்தார் என்று உள்ளே இருப்பவனிடம் சொல்லவாவது செய்யுங்கள் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். போன வாரம் ஓர் ஆபீசர் அதைப் படித்துவிட்டு, "காணான் பற்றாத்தவனோடு பறஞ்ஞிட்டு எந்து காரியம்?" என்றார். பார்க்கவே முடியாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறதாம்! அப்புறம், பார்க்கலாம் என்கிற மாதிரி, "நோக்காம்" என்றார். இந்த ஊர் ஆபீஸில் நோக்காம் என்றால் ஃபைலை மூடியாயிற்று என்று உனக்கே தெரியும்.

மதினியும் வந்திருந்தாள். "ஆறு தடவ திருப்பி உட்டுட்டீங்களே சார்" என்று அழுதாள். மனுவிலும் ஆறு என்றுதான் இருக்கிறது. நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் மதினியிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் அவள் என் முகத்தில் விழிப்பாளா, தெரியாது. மனுவில் ஐந்து என்று திருத்துவேன். ஆறாவது நாள் கைதியே பார்க்க மறுத்தான் என்றும், ஏன் மறுத்தான் என்றும் எழுதி, அந்த ஆபீசர் முன்னால் நானே வாசிப்பேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்டாரே, அவருக்கு என்னிடம் இருக்கிற பதில் அது ஒன்றுதான். சத்தியம், அண்ணே.

உன்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன
உன் தம்பி,
சுடலைமுத்து