இரவல் ஆயாக்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, படி ஏறுகிறார், ஏறிவிட்டு ஊருக்கே கேட்கும்படி சொல்கிறார். தம்பி வழக்கம்போல் போனும் கையுமாக இருக்கிறான். எழுதுவானேன், போனிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்பாய். சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ வேலையைப் போட்டுவிட்டுத் தவிப்பாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் காப்பகத்துக்கு அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. கைக்குழந்தைகள் அறை என் பொறுப்பு. தவழ்கிறதும் தத்தித் தத்தி நடக்கிறதுமாக ஒன்பது பிள்ளைகள், பார்த்துக்கொள்ள நானும் உதவிக்கு ஒரு பெண்ணும். ஒன்றுக்குத் துணி மாற்றும்போது இன்னொன்று பாலுக்கு அழும், மூன்றாவது பக்கத்தில் இருப்பவன் காதைக் கடித்துக்கொண்டிருக்கும். இன்னும் ஆள் போடுங்கள் என்று காப்பகத்தை நடத்துகிற மேடத்திடம் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. ஆய்வு என்றதும்தான் அவர் ஆட்களை எண்ணிப் பார்த்தார். ஆள் போதாது என்று முடிவு செய்தால் அறையைப் பூட்டிவிடுவார்கள், பூட்டினால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் எப்படி வேலைக்குப் போவார்கள். அதற்கு மேடம் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா, அவருடைய இன்னொரு கிளையில் பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மூன்று பெண்களை அன்றைக்கு ஒரு நாள் இரவல் கொண்டுவந்து, எங்கள் சீருடையை மாட்டி நிறுத்துவது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அறை பூட்டக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது மட்டுமா, முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நானே உட்கார்ந்து போட்டோவைக் காட்டி, இவன் உருளை, உருண்டே கதவு வரை போவான், இவன் மந்திரி, லேசில் சிரிக்க மாட்டான், இவளுக்கு முதுகைத் தட்டினால்தான் தூக்கம் வரும் என்று மூன்று பேருக்கும் பாடம் எடுத்தேன். கருத்தாகப் படித்தார்கள், பாவம்.

நேற்றுக் காலையில் ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மூலையில் தரையில் உட்கார்ந்தார். புதிதாக வாங்கி அடுக்கிய பொம்மைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேடம் சுவரில் ஒட்டிய படங்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறார், இவர் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது இரவலில் ஒருத்தி, நல்ல பெண்தான், வாடா மந்திரி என்று கொஞ்சிக்கொண்டே அவனைத் தூக்கினாள். ஒன்பது மாதப் பிள்ளைக்குப் புது முகம் என்றால் எப்படி இருக்கும். அவளை உற்றுப் பார்த்தான், உதடு பிதுங்கியது, பிறகு கட்டடமே இடிந்துவிழும்படி அலறினான். அவனைக் கேட்டு உருளை அலற, உருளையைப் பார்த்து மற்றதெல்லாம் அழ, தவழத் தெரிந்தவை அத்தனையும் அந்த மூன்று பேரையும் தாண்டி வந்து என் காலைக் கட்டிக்கொண்டன. பெரியவர்களுக்குப் பாடம் எடுத்த எனக்கு, பிள்ளைகள் நடிக்க மாட்டார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை பார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்து, இவங்க மூணு பேரும் எப்பலேருந்து இங்க வேலை செய்யறாங்க என்று கேட்டார். மேடம் முந்திக்கொண்டு, ரொம்ப நாளா இருக்காங்களே, நீங்களே சொல்லுங்கக்கா என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை மிஞ்சும், அறையும் மிஞ்சும், மறுநாளிலிருந்து பழையபடி எங்கள் இரண்டு பேர் தலையில் அத்தனை பிள்ளைகளும். இல்லை என்றால் எல்லாமே போகலாம். மந்திரி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தான், மூக்கு ஒழுகி என் தோளெல்லாம் ஈரம். இன்னைக்குக் காலையிலேருந்துதாங்க என்று சொல்லிவிட்டேன்.

நல்லவேளை, அறையைப் பூட்டவில்லை. அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நிரந்தரமாக ஆள் போட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னார் என்று ஒருத்தர் இருக்க வேண்டும், பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் தூங்கவைப்பதும் அவரேதான், நாளுக்கொரு கை மாறக் கூடாது, மறுபடி வருவேன், சொல்லாமல் வருவேன் என்றார் அந்த அம்மா. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அவர் படி இறங்கியதும் மேடம் என்னைக் கூப்பிட்டு, ஆள் போடறேன், ஆனா அதுல நீங்க இல்ல, நாளைக்கு வர வேணாம் என்றார். கெஞ்சக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கெஞ்சினேன், வேலைக்காக இல்லை. நானும் ஒரே நாளில் காணாமல் போனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் நேற்றைய கதைதானே. புதுசா வர்றவங்ககிட்ட அதுங்க ஒட்டுற வரைக்கும் என்னை விடுங்க, அப்புறம் நானே போயிடறேன் என்றேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சரி என்றார். அவரும் கெட்டவர் இல்லை, பயந்தவர். வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு என்று கத்தினார், கத்திவிட்டு எனக்குத் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

உன்னோடு வேலை செய்கிற பெண் தன் பிள்ளைக்குக் காப்பகம் தேடுகிறாள் என்றாயே, அவளிடம் சொல், சுவரும் பொம்மையும் பார்த்து மயங்க வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் போய் நிற்கட்டும். துணி மாற்றும்போது பிள்ளையோடு பேசுகிறார்களா, அழுகிற பிள்ளை யாரைத் தேடிப் போகிறது, இதைப் பார்த்தால் போதும். யாரையும் தேடாத பிள்ளைகள் இருக்கிற அறை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் திரும்பி வந்துவிடட்டும். மறக்காமல் சொல்லிவிடு. நீயும் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இரு.

நாளைக்குப் புதுப் பெண் ஒருத்தி வருகிறாள், மந்திரியை அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். முதலில் அவன் என் மடியில் இருக்க அவள் பக்கத்தில் உட்காருவாள். பிறகு அவள் மடியில் அவன், பக்கத்தில் நான். பிறகு நான் கதவோரம். என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவளிடம் அவன் தாவுகிற அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். அந்த நாள் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் அன்றைக்கு எப்படி அங்கிருந்து நடந்து வருவேன் என்று மட்டும் தெரியவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா